வெட்டிப் போட்ட குரல்

பிளெய்ன்ஸ்பரோ, நியூ ஜெர்ஸி
மார்ச் 12, 1995

அன்புத் தம்பி கிருபைராஜுக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் கேட்டிருக்கலாம். போனில் கேட்டால் "சரிக்கா, பாத்துச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு மறந்துபோவாய். கடிதம் என்றால் உன் மேஜைமேல் கிடந்து உறுத்திக்கொண்டே இருக்கும்.

விஷயம் இதுதான். நம் சபைப் பிள்ளைகளுக்காக நான் எழுதிவரும் தமிழ்ப் பாட்டுகள் இருபத்தைந்தைத் தாண்டிவிட்டன. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. காதால் கேட்டால் அப்படியே பிடித்துக்கொள்கிறார்கள். அதனால் எல்லாப் பாட்டையும் ஒழுங்காகப் பதிவு செய்ய வேண்டும். ஸ்டெஃபிதான் பாடப்போகிறாள். அவளுக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. அவள் பாடினால் சபையில் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்துகிறது. பெத்தவள் பெருமை என்று சிரிக்காதே, போதகரே சொன்னார்.

இதுவரை காசெட்டில்தான் பதிந்து வந்தேன். போன மாதம் நாடா சிக்கி நாலு பாட்டு போய்விட்டது. உன் அத்தான், "கம்ப்யூட்டர்ல பண்ணு ஜெயா, ஒன் தம்பி அந்த வேலைதானே பாக்கான்" என்கிறார்.

என் வேலை உனக்குத் தெரியும். மாத்திரைகளைச் சூட்டிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் வைத்துப் பார்த்து, எவ்வளவு நாள் தாங்கும் என்று காலாவதித் தேதி குறிப்பவள் நான். கடையில் இந்த இசை சாஃப்ட்வேர் டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றிலும் அந்தத் தேதி அச்சடிக்கவில்லை. நீதான் சொல்ல வேண்டும். ஸ்டெஃபி கல்யாணமாகித் தன் பிள்ளைக்குப் போட்டுக் காட்டும் நாளிலும் திறக்க வேண்டும். அப்படி எது இருக்கிறது?

உடனே எழுது.

அக்கா
ஜெயசெல்வி


சன்னிவேல், கலிஃபோர்னியா
ஏப்ரல் 2, 1995

அக்கா,

மூன்று வாரமாக உறுத்தியது. எழுதிவிட்டேன்.

நீ கடையில் பார்த்ததில் மூன்றுதான் உருப்படி. ஒன்று, வேறொரு வகைக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். இரண்டாவதை அண்ணன் தம்பி இருவர் வீட்டுக் கராஜில் உட்கார்ந்து செய்கிறார்கள். சாமான் அருமையானதுதான். ஆனால் அவர்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டால் அன்றைக்கே கதை முடிந்தது. மூன்றாவது எங்களுடையது, பைன்லார்க்.

என் கம்பெனி என்பதற்காகச் சொல்லவில்லை. எண்பது பேர் வேலை பார்க்கிறோம். பாடுகிற குரலை வட்டில் எழுதிச் சேமிக்கிற பகுதி முழுக்க நான் எழுதியது. "இன்னும் இருபது வருஷம் நிக்கும்" என்று எங்கள் மேனேஜர் மீட்டிங்குக்கு மீட்டிங் சொல்கிறார். நானும் நம்புகிறேன். கண்ணை மூடிக்கொண்டு வாங்கு.

ஒன்றை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொள். டப்பாவுக்குள் கட்டைவிரல் நீளத்தில் ஒரு சாவி இருக்கும். கம்ப்யூட்டருக்குப் பின்னால் பிரிண்டர் ஒயர் செருகும் இடத்தில் அதைச் செருக வேண்டும். அது இல்லாமல் சாஃப்ட்வேர் திறக்காது. திருட்டுத்தனமாக யாரும் காப்பி எடுக்கக் கூடாதென்று அந்த ஏற்பாடு. தொலைத்துவிடாதே.

நான் எல் கமினோ ரோட்டில் தோசை தின்றே காலத்தை ஓட்டுகிறேன். ஸ்டெஃபியை மாமா கேட்டதாகச் சொல். முதல் பாட்டை எனக்கு அனுப்ப வேண்டும்.

கிருபை


பிளெய்ன்ஸ்பரோ
அக்டோபர் 20, 1996

அன்புத் தம்பிக்கு,

முடிந்துவிட்டது! முப்பத்தொரு பாட்டும் முடிந்துவிட்டது. இத்துடன் காசெட்டில் ஐந்து பாட்டு வைத்திருக்கிறேன், கேள்.

உன் சாஃப்ட்வேரை எவ்வளவு மெச்சினாலும் தகும். ஒரே வரியைப் பத்துத் தடவை பாடவைத்து, நல்லதை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிப் போட முடிகிறது. இருமல், தும்மல், நடுவில் பேசும் பேச்சு, எல்லாம் ஒரு தட்டில் போய்விடுகிறது. ஸ்டெஃபிக்கு வர வர விளையாட்டுப் புத்தி அதிகம். கடைசிப் பாட்டுகளில் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தாள். விடாமல் உட்கார வைத்து முடித்துவிட்டேன். கேட்டால் உனக்கே தெரியும், ஒரு இடத்தில் பிசிறு இல்லை.

டிசம்பரில் வருகிறாய் அல்லவா?

அக்கா


பிளெய்ன்ஸ்பரோ
மே 9, 1997

தம்பி,

போனில் உன் அத்தான் பாதிதான் சொல்லியிருப்பார். மீதியைச் சொல்ல அவரால் ஆகவில்லை. எழுதினால் எனக்காவது புரிகிறதா என்று பார்க்கிறேன்.

மார்ச் கடைசியில் தலை பின்னிவிடும்போது ஸ்டெஃபியின் கழுத்தில் கை பட்டது. கோலிக்குண்டு மாதிரி ஒரு கட்டி. ஆறு வாரத்தில் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. தைராய்டு. கெட்ட கட்டிதான். முழுசாக எடுத்துவிட்டார்கள், இனி உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். நான் முழங்காலில் விழுந்து ஸ்தோத்திரம் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர் அடுத்ததைச் சொன்னார். குரலுக்குப் போகும் நரம்பைக் கட்டி சுற்றி வளைத்திருந்ததாம். கட்டியை எடுக்க வேண்டுமென்றால் நரம்பையும் எடுத்தாக வேண்டும். எடுத்துவிட்டார்கள்.

கிருபை, அவள் கண் விழித்து "மம்மி" என்றாள். சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது. காகிதத்தைத் தேய்த்த மாதிரி. அவளே திடுக்கிட்டுத் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். அந்த முகத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

பேச்சு நாளாக நாளாகக் கொஞ்சம் தேறுமாம். பாட்டு வராது.

"ரொம்ப நாளா இருந்திருக்கும். முழுங்க வலிக்குதுன்னு முன்னாடி எப்பவாவது சொன்னாளா?" என்று டாக்டர் கேட்டார். ஒரு நாளும் சொன்னதில்லை என்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லையே, தம்பி. சொல்லியிருந்தால் விட்டிருப்பேனா? எல்லோரிடமும் இதைத்தான் சொல்லிச் சொல்லி அழுகிறேன். பிள்ளை தன் வலியைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டுவிட்டது.

இனி அவள் குரல் என்று இருப்பது உன் கம்பெனி சாஃப்ட்வேருக்குள் இருக்கும் முப்பத்தொரு பாட்டுதான். அதையாவது நல்லபடியாக வைத்துக் கொடுத்தாயே. நன்றி.

ஜெயசெல்வி


பிளெய்ன்ஸ்பரோ
செப்டம்பர் 17, 2000

அன்புத் தம்பிக்கு,

வேலை அதிகமா? இரண்டு மாதமாக உன் போனே இல்லை.

ஒரு யோசனை கேட்க வேண்டும். பழைய கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகிறது. அத்தான் புதிது வாங்கியிருக்கிறார். பைன்லார்க்கின் பழைய பதிப்பு இதில் ஏறமாட்டேன் என்கிறது. புதுப் பதிப்பு வாங்கலாம் என்று உங்கள் ஆபீஸிலிருந்து தபால் வந்தது. ஆனால் அதில் இரண்டு விஷயம் என்னைப் பயமுறுத்துகிறது. பாட்டுகளைப் புதுப் பதிப்புக்கு மாற்றிவிட்டால் மறுபடி பழையதில் திறக்காதாம். பழைய சாவியைத் திருப்பி அனுப்பினால்தான் புதுச் சாவி வருமாம்.

ஆக, பழசுக்குத் திரும்பும் வழியை நானே அடைத்துவிட்டுப் போக வேண்டும். மருந்து கம்பெனியில் இப்படிச் செய்தால் என்னை வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள். நீ உள்ளே இருப்பவன். மாற்றட்டுமா, வேண்டாமா? ஒரே வார்த்தை போதும்.

சனிக்கிழமை பக்கத்து வீட்டுக் காமாக்ஷி ஆன்ட்டி புருஷனோடு வந்திருந்தார். ஸ்டெஃபியின் பாட்டைப் போட்டுக் காட்டினேன், கண் கலங்கிவிட்டார். யார் வந்தாலும் போட்டுக் காட்டுகிறேன். என் பிள்ளை எப்படிப் பாடினாள் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? ஸ்டெஃபி வழக்கம்போல மாடிக்குப் போய்விட்டாள். பதினைந்து வயது, யாரோடும் உட்காருவதில்லை.

அக்கா


சன்னிவேல்
செப்டம்பர் 29, 2000

அக்கா,

மாற்றிக்கொள். ஒன்றும் ஆகாது.

இங்கே வேலை ரொம்ப நெருக்கடி. பிறகு எழுதுகிறேன்.

கிருபை


பிளெய்ன்ஸ்பரோ
டிசம்பர் 11, 2000

கிருபைராஜ்,

நலம் விசாரித்து எழுதும் கடிதம் இல்லை இது.

நேற்று உன் கம்பெனியின் தபால் வந்தது. நாலே வரி. பைன்லார்க்கை இன்னொரு கம்பெனி வாங்கிவிட்டதாம். நவம்பர் முப்பதோடு விற்பனையும் உதவியும் நிறுத்தம். சாவி பழுதானால் மாற்றுச் சாவி கிடையாது. 'இதுவரை ஆதரவளித்த உங்களுக்கு நன்றி.' அதிலிருந்த நம்பருக்குப் போன் செய்தேன். நம்பரே இல்லை என்று மெஷின் சொல்கிறது.

முதலில் உன்னை நினைத்துத்தான் அழுதேன். ஐயோ, என் தம்பிக்கு வேலை போய்விட்டதே, விசா என்ன ஆகும், சாப்பிட்டானா என்று. உனக்குப் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. உன்னோடு வேலை பார்க்கும் கருப்பசாமியைப் பிடித்தேன். அவர் என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "கவலப்படாதீங்க மேடம். எங்களுக்கு ஆகஸ்ட்லயே சொல்லிட்டாங்க. எல்லாரும் வேற வேலை தேடிக்கிட்டோம். கிருபைக்குக்கூட டெக்ஸாஸ்ல கெடச்சாச்சே."

ஆகஸ்ட்.

நான் உன்னிடம் கேட்டது செப்டம்பர் பதினேழு. நீ 'மாற்றிக்கொள், ஒன்றும் ஆகாது' என்று எழுதியது செப்டம்பர் இருபத்தொன்பது. இரண்டு கடிதத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். செத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தே அதற்குள் என் பிள்ளையின் குரலை வைத்துப் பூட்டச் சொன்னாய். பழைய சாவியை என் கையாலேயே தபாலில் போடவைத்தாய்.

ஏன் என்று கேட்கமாட்டேன். நீ என்ன சொன்னாலும் எனக்குப் புரியாது. எழுதாதே.

ஜெயசெல்வி


ஆலன், டெக்ஸாஸ்
ஜனவரி 28, 2001

அக்கா,

எழுதாதே என்றாய். ஏழு வாரம் எழுதாமல் இருந்தேன். நீ இதைப் படிக்காமல் கிழித்துப் போட்டாலும் எழுத வேண்டியது என் கடமை.

ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி எங்களை ஒரு அறையில் உட்கார வைத்துச் சொன்னார்கள். வெளியே ஒரு வார்த்தை போகக் கூடாது, போனால் விற்பனை முறியும், பேசியவருக்கு அன்றைக்கே கடைசி நாள் என்று கையெழுத்து வாங்கினார்கள். என் கிரீன் கார்டு அப்போது பாதியில் நின்றது. அடுத்த வேலை கிடைப்பதற்கு முன் வெளியே தள்ளினால் நான் ஊருக்குத்தான் போக வேண்டும். ஆறு வருஷம் வீண்.

உன் கடிதம் வந்தது. 'வேண்டாம்' என்று எழுதினால் ஏன் என்று கேட்பாய். நீ கேட்டால் என்னால் பொய் சொல்ல முடியாது. உனக்குத் தெரிந்தால் அத்தானுக்குத் தெரியும், அப்புறம் காமாக்ஷி ஆன்ட்டிக்குத் தெரியும். ஆன்ட்டியின் வீட்டுக்காரர் எங்கள் கம்பெனிப் பங்கு வைத்திருந்தார். இப்படி மனசுக்குள்ளே ஓடி ஓடி, கடைசியில் எது சுலபமோ அதை எழுதினேன். ஒரு வரி. அதை எழுதும்போது கை கூசியது. அப்படியும் உறையில் போட்டு ஒட்டினேன். உன்னை என்ன செய்யச் சொன்னேன் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

பயந்துவிட்டேன் அக்கா. வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை.

சாவியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள். அது இருக்கும்வரை பாட்டு திறக்கும்.

கிருபை


பிளெய்ன்ஸ்பரோ
ஏப்ரல் 22, 2001

கிருபைராஜ்,

உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எனக்கு வேறு ஆள் இல்லை.

சாவி போய்விட்டது.

திங்கட்கிழமை வேலையிலிருந்து வந்து பாட்டைத் திறந்தேன். 'சாவி இல்லை' என்று திரை சொன்னது. மேஜையை இழுத்துப் போட்டுக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் பார்த்தேன். வெறும் ஓட்டை. கார்ப்பெட்டைப் புரட்டினோம். வேக்யூம் பையைக் கொட்டி அத்தான் கையால் அளைந்து பார்த்தார். மூன்று நாள். வியாழக்கிழமை நான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதுகொண்டிருந்தபோது ஸ்டெஃபி வந்து நின்றாள்.

"தேடாதீங்க. நான்தான் எடுத்துத் தூக்கிப் போட்டேன்."

அவள் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன். தமிழில் எழுதினாலாவது கொஞ்சம் குறையுமா என்று பார்த்தேன், குறையவில்லை. பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷன் குப்பைத்தொட்டியில் போட்டாளாம், ஸ்கூலிலிருந்து நியூயார்க் மியூசியம் போன அன்று. வீட்டுக் குப்பையில் போட்டால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று யோசித்து.

ஏண்டி என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. அவளால் கத்த முடியாது, உனக்குத் தெரியும். அந்தக் காற்றுக் குரலில் சொன்னாள்:

"வர்றவங்க எல்லாருக்கும் போட்டுக் காட்டுறீங்க. எல்லாரும் அழுறாங்க. அப்புறம் என்னைப் பாக்குறாங்க. செத்துப்போன பொண்ணோட போட்டோவுக்குப் பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கு. நான் சாகல, மம்மி."

நான் அவளை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அத்தான் பிடித்துக்கொண்டார்.

நாலு வருஷமாக நான் அவளுக்கு என்ன செய்துகொண்டிருந்தேன்? தெரியவில்லை. அவள் சொன்னது நியாயம் என்றும் தெரிகிறது, அந்தக் குரல் இல்லாமல் என்னால் முடியாது என்றும் தெரிகிறது.

உனக்கு அனுப்பிய காசெட்டில் ஐந்து பாட்டுதான், மிச்சமெல்லாம் இதற்குள் இருக்கிறது. நீ எழுதிய சாஃப்ட்வேர்தானே. சாவி இல்லாமல் வழி உண்டா? உண்டு, இல்லை என்பதை மட்டும் சொல்.

ஜெயசெல்வி


ஆலன்
ஜூன் 3, 2001

அக்கா,

நான் போனில் சொன்னபடி நீ பாட்டுக் கோப்புகளைத் திறக்காமல் அப்படியே சிடி வட்டுகளில் எழுதி அனுப்பினாயே, அந்தப் பதினாலும் மே பத்தாம் தேதி பழுதில்லாமல் வந்து சேர்ந்தன.

பூட்டு சாஃப்ட்வேரில்தான். குரல் அதற்குக் கீழே சாதாரணமாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது, எந்த வரிசையில் என்று தெரிந்தால் போதும். அதை எழுதியவன் நான். மூன்று சனி ஞாயிறு உட்கார்ந்து, உன் வட்டுகளிலிருந்து குரலை மட்டும் உருவி எடுக்கிற ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். முப்பத்தொன்றில் முப்பது முழுசாக வந்துவிட்டது. ஒன்றில் கடைசிச் சரணம் சிதைந்துவிட்டது. இவற்றை எந்தக் கம்ப்யூட்டரும் திறக்கிற சாதாரண ஒலிக் கோப்பாக மாற்றியிருக்கிறேன். சாவி வேண்டாம், எந்தக் கம்பெனியும் உயிரோடு இருக்க வேண்டியதில்லை. மெட்டுகளைக் காகிதத்திலும் அச்சடித்து வைத்திருக்கிறேன்.

எது ரொம்ப நாள் உழைக்கும் என்று ஆறு வருஷத்துக்கு முன் கேட்டாய். நான் தப்பாகப் பதில் சொன்னேன். எல்லாமே ஒரு நாள் நின்றுபோகும். நிற்கும்போது நம் சாமானை நம் கையில் திருப்பிக் கொடுக்குமா என்றுதான் பார்த்திருக்க வேண்டும். எங்களுடையதில் பூட்டுப் போடத்தான் யோசித்தோம்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி. அத்தான் பக்கத்தில் இருந்தால் நல்லது.

பைன்லார்க்கில் ஒரு வரியை வெட்டினால் அது அழியாது. மனசு மாறித் திரும்ப எடுக்க நினைத்தால் வேண்டுமே என்று, வெட்டியதை மறைத்து மட்டும் வைக்கும்படி நான்தான் எழுதினேன். அதனால் பாட்டோடு சேர்த்து நீ வெட்டிப் போட்டதெல்லாம் வந்திருக்கிறது. பல தடவை பாடினது, நீங்கள் இருவரும் நடுவில் பேசினது, எல்லாம். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க முழுக்கக் கேட்டேன்.

இருபத்தெட்டாவது பாட்டு. 1996 செப்டம்பர் 14 என்று பதிவாகியிருக்கிறது. ஒன்பதாவது தடவைக்கும் பத்தாவது தடவைக்கும் நடுவில் ஸ்டெஃபி சொல்கிறாள்: "மம்மி, முழுங்கினா வலிக்குது. இங்க." நீ சொல்கிறாய்: "பாடாம இருக்க ஒனக்கு ஒரு சாக்கு. தண்ணியக் குடி. மறுபடியும் மொதல்லருந்து." இருபத்தொன்பதிலும் முப்பதிலும்கூட இருக்கிறது. முப்பதில் அழுகிறாள்.

இதைக் கேட்டுவிட்டு நான் வீட்டைவிட்டு இறங்கி எங்கே நடந்தேன் என்று தெரியாது. உன்னிடம் சொல்லாமல் விடுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரிந்தது. பாட்டை மட்டும் அனுப்பினால் நீ என்னை மன்னித்துவிடுவாய். நீயும் நிம்மதியாக இருப்பாய். போன தடவையும் எது சுலபமோ அதைத்தான் செய்தேன்.

இரண்டு டிஸ்க் அனுப்புகிறேன். நீல உறையில் பாட்டுகள் மட்டும். வெள்ளை உறையில் எல்லாம். வெள்ளையைக் கேட்பதும் உடைத்துப் போடுவதும் உன் இஷ்டம். உன் பதினாலு வட்டையும் சேர்த்தே திருப்பி அனுப்புகிறேன், என்னிடம் வேறு காப்பி இல்லை.

கிருபை


பிளெய்ன்ஸ்பரோ
ஜூன் 26, 2001

அன்புத் தம்பிக்கு,

பார்சல் ஏழாம் தேதியே வந்துவிட்டது. இத்தனை நாள் எழுத முடியவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. பொய் சொல்கிறான், நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அத்தானிடம் சண்டை போட்டேன். எனக்கு ஞாபகமே இல்லை, கிருபை. சத்தியமாக இல்லை. நாலு வருஷமாக 'ஒரு வார்த்தை சொல்லவில்லையே' என்று ஊரெல்லாம் சொன்னேனே, அதை நான் முழு மனசோடு நம்பித்தான் சொன்னேன்.

வெள்ளை உறையை டிராயரில் போட்டு மூடினேன். உடைத்துப் போடலாம் என்று இரண்டு தடவை கையில் எடுத்தேன். நாலாம் நாள் ஸ்டெஃபியைக் கூப்பிட்டு உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். 'சாக்கு' என்ற இடத்தை இரண்டு தடவை வாசித்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியும்" என்றாள்.

"ஞாபகம் இருக்கா ஒனக்கு?"

"என் தொண்டைதானே."

"ஏண்டி சொல்லல? ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டப்போ நீயும்தானே பக்கத்துல படுத்திருந்தே?"

"எனக்குப் பேச்சே வரல, மம்மி. அப்புறம் நீங்க எல்லார்ட்டயும் நான் சொல்லவே இல்லன்னு சொல்லி அழுதீங்க. அதுக்கப்புறம் நான் என்ன சொல்றது?"

பன்னிரண்டு வயதுப் பிள்ளை. தன் கழுத்தில் தையலோடு படுத்துக்கொண்டு என்னைக் காப்பாற்றியிருக்கிறாள்.

சேர்ந்து கேட்டோம், மூன்று பேரும். நீ எழுதியது ஒரு எழுத்துப் பிசகாமல் இருந்தது. எழுத்தில் படிப்பது வேறு, கேட்பது வேறு. மறுபடியும் பாடச் சொல்கிற அந்தப் பெண் யார் என்று இருந்தது எனக்கு. அவள் கோபமாகக்கூடப் பேசவில்லை. வேலை முடிய வேண்டும் என்ற அவசரத்தில் பேசுகிறாள். நான் ஆபீஸில் டெக்னீஷியன்களிடம் பேசுகிற குரல். அத்தான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

மறுநாள் அந்த டாக்டருக்குப் போன் செய்தேன். 97-இல் நான் சொன்னது தப்பு, ஆறு மாதம் முன்பே அவள் சொல்லியிருக்கிறாள், நான் காது கொடுக்கவில்லை என்றேன். அப்போதே பார்த்திருந்தால் நரம்பு தப்பியிருக்குமா என்று கேட்டேன். அவர் பழைய ஃபைலை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தார். தப்பியிருக்கலாம், தப்பாமலும் போயிருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார். இதோடுதான் நான் இருக்க வேண்டும். காமாக்ஷி ஆன்ட்டியிடமும் சபையில் நாலைந்து பேரிடமும் போய் உள்ளதைச் சொல்லிவிட்டேன். ஒருத்தர் ஆறுதல் சொல்ல வந்தார், வேண்டாம் என்றேன்.

ஸ்டெஃபியிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஓகே" என்றாள். அந்த ஓகேயில் எவ்வளவு இருந்தது, எவ்வளவு இல்லை என்று தெரியவில்லை. கேட்டு வாங்கவும் முடியாது.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். செப்டம்பரில் நீ செய்ததை நான் மறக்கவில்லை. ஆனால் ஜூனில் நீ எழுதியதை எழுத எவ்வளவு திராணி வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆகஸ்டில் இங்கே வா. ஸ்டெஃபி கேட்கச் சொன்னாள்.

நீல உறையை நான் யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் அவள் முன் வைத்து, "ஒன் குரல் இது. நீயே வச்சுக்கோ. என்ன வேணும்னாலும் பண்ணு" என்றேன். நீலத்தைத்தான் எடுப்பாள், இல்லையென்றால் இரண்டையும் குப்பையில் போடுவாள் என்று நினைத்தேன். வெள்ளையை எடுத்துக்கொண்டாள்.

"அதுலதானே நான் ஒன்னய..." என்றேன்.

"பாட்டுல நான் பாடுறேன். பாட எனக்கு அவ்வளவு ஆசை எப்பவும் இல்ல, மம்மி. அது உங்க ஆசை. இதுல நான் பேசுறேன். சும்மா பேசுறேன். நான் எப்படிப் பேசுவேன்னு எனக்கு மறந்தே போச்சு."

மாடிக்குப் போய்விட்டாள். கதவு திறந்தே இருந்தது. சிநேகிதி ஒருத்திக்குப் போனைப் பிடித்துக்கொண்டு, ஸ்பீக்கரில் எதையோ திரும்பத் திரும்பப் போட்டாள். நான் கீழே படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டேன். பதினொரு வயது ஸ்டெஃபி ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொல்லிவிட்டு அடக்கமாட்டாமல் சிரிக்கிறாள். நல்ல கனத்த சிரிப்பு, மூச்சு முட்டுகிற சிரிப்பு. அதற்கு மேலே, "நேரம் வீணாகுது" என்று என் குரல். உடனே மறுபடி சிரிப்பு.

மொத்தம் ஆறு பாட்டில் அந்தச் சிரிப்பை நான் வெட்டியிருக்கிறேன். எண்ணிப் பார்த்தேன்.

உன்
அக்கா